கிராமத்து இல்லத்தரசிகள் சங்கமும் அமெரிக்க பட்ஜெட்டும்: கென்டக்கி வகுப்புகளின் பின்னணி

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான பெரிய வரி, செலவுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு தந்துவந்த ‘ஸ்னாப்-எட்’ நிதி, அந்த ஆண்டு செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து பல மாநிலங்களில் பல்கலைக்கழகங்கள் ஆட்களைக் குறைத்தன. கிராமப்புறச் சமையல் வகுப்புகள் என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்தது.

இதைப் படிக்கிற நமக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். கிராமத்தில் சமையல் வகுப்பு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலையா? அதற்கு டெல்லிக்குச் சமமான வாஷிங்டனிலிருந்து ஏன் பணம் வருகிறது? இந்த வகுப்புகளோடு சேர்த்தே பேசப்படும் ‘ஹோம்மேக்கர் கிளப்’ அரசு அமைப்பா, நம் ஊர் மாதர் சங்கம் போன்றதா, சுய உதவிக் குழுவா? கென்டக்கி மாநிலத்தை எடுத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்க்கலாம். இந்தச் சங்கங்கள் இன்றும் உயிரோடு இயங்கும் மாநிலங்களில் அது முக்கியமானது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்கள்

1. கவுண்டி: மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. கென்டக்கியில் 120 கவுண்டிகள். சராசரிப் பரப்பளவில் ஒரு கென்டக்கி கவுண்டி, தமிழ்நாட்டு மாவட்டத்தில் கால் பங்குதான் வரும். மக்கள்தொகை இன்னும் குறைவு. ராபர்ட்சன் கவுண்டியில் 2020 கணக்குப்படி சுமார் 2,200 பேர். நம் ஊரில் அது ஒரு சிற்றூராட்சி அளவு.

2. நிலக்கொடைப் பல்கலைக்கழகம்: 1862-இல் வந்த மோரில் சட்டத்தின்படி, மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன. கென்டக்கியில் லெக்சிங்டனில் உள்ள கென்டக்கி பல்கலைக்கழகம் அந்த வகை.

3. விரிவாக்கப் பணி: பல்கலைக்கழக ஆய்வில் தெரியவந்ததை வயலுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. நம் வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையத்தின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. கென்டக்கியின் ஒவ்வொரு கவுண்டியிலும் இதற்கென ஓர் அலுவலகம் உண்டு.

4. ஏஜென்ட்: அந்த அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர். வேளாண்மைக்கு ஒருவர், 4-எச் என்ற சிறுவர் அமைப்புக்கு ஒருவர், வீடு, உணவு, குடும்பச் செலவு போன்றவற்றுக்கு ஒருவர் என்று இருப்பார்கள். கடைசியாகச் சொன்னவர்தான் நம் கட்டுரைக்கு முக்கியமானவர். அந்தக் காலத்தில் அவருக்கு ‘வீட்டுச் செயல்விளக்க ஏஜென்ட்’ என்று பெயர்.

5. எக்ஸ்டென்ஷன் ஹோம்மேக்கர்ஸ் சங்கம்: ஏஜென்டோடு சேர்ந்து இயங்கும் உறுப்பினர் அமைப்பு. இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். கவுண்டிக்குள் பல சிறு சங்கங்கள், அவற்றுக்கு மேல் ஒரு கவுண்டி கவுன்சில், அதற்கும் மேல் 1932-இல் தொடங்கிய மாநில அமைப்பு. ஆண்களும் சேரலாம்.

ஏஜென்ட் அரசுப் பக்கம், சங்கம் மக்கள் பக்கம். செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

தக்காளியில் தொடங்கிய கதை

கல்லூரி கட்டினால் மட்டும் விவசாயி படித்துவிடுவாரா? 1887-இல் ஹாட்ச் சட்டம் ஆய்வு நிலையங்களுக்குப் பணம் கொடுத்தது. ஆய்வு நடந்தது, அறிக்கைகள் அச்சாயின, கிராமத்தில் அவற்றைப் படிக்கத்தான் ஆள் இல்லை. 1903-இல் டெக்சாஸின் டெரல் ஊரில் சீமன் நாப் என்பவர் வேறு வழியை முயன்றார். ஊர் விவசாயி ஒருவரின் சொந்த நிலத்திலேயே புதிய முறையில் பயிர் வைக்கச் செய்து, அக்கம்பக்கத்தார் பார்க்கும்படி விட்டார். ஒருவர் காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கூடச் சந்தேகிக்கலாம், தன் கையால் செய்து பார்த்ததைச் சந்தேகிக்க முடியாது என்பது அவருடைய கொள்கை. இந்தச் செயல்விளக்க முறைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

வீட்டுப் பக்கத்தில் இது நுழைந்தது சிறுமிகள் வழியாக. 1910-இல் தென் கரோலினாவின் ஐக்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை, சிறுமிகளுக்கான தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நம் கணக்கில் 10 சென்ட் நிலம். அதில் தக்காளி பயிரிட்டு, பறித்து, டின்னில் அடைத்து விற்க வேண்டும். வருமானம் அந்தச் சிறுமிக்கே. தன் பெயரில் ஒரு காசு கூட இல்லாத பெண்கள் நிறைந்த தெற்கு மாநிலங்களில் இது சாதாரண விஷயம் இல்லை. அதே 1910-இல் வர்ஜீனியாவில் எல்லா அக்னியூ இந்த வேலைக்கு ஏஜென்டாக நியமிக்கப்பட்டார்.

மகள் செய்வதை அம்மா அடுப்படியில் நின்று பார்ப்பாள் இல்லையா? தக்காளியை அடைக்க வந்த ஏஜென்டிடம் அம்மாக்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். குடிநீர்க் கிணறு, ஈத்தொல்லை, குழந்தைக்குப் பால், ரொட்டி ஏன் கல்லாகிறது என்று பேச்சு விரிந்தது. சிறுமிகள் சங்கத்தின் பக்கத்திலேயே அம்மாக்கள் சங்கங்களும் முளைத்தன.

1914 மே 8 அன்று அதிபர் உட்ரோ வில்சன் ஸ்மித்-லீவர் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்தப் பணி அப்போதுதான் நாடு முழுவதற்குமான நிரந்தர ஏற்பாடு ஆனது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 10,000 டாலர், அதற்கு மேல் கிராம மக்கள்தொகையைப் பொறுத்துக் கூடுதல் தொகை. கூடுதல் தொகைக்கு ஈடாக மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். வேளாண்மையோடு மனையியலையும் சட்டத்தின் வாசகத்திலேயே சேர்த்தார்கள். கிராமத்தில் சமையல் வகுப்பு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலையா என்ற கேள்விக்கு, 110 ஆண்டுகளுக்கு முன்பே ‘ஆமாம்’ என்று சட்டமே பதில் சொல்லிவிட்டது.

ஒரு பாடம் எப்படி வீடு வந்து சேர்கிறது

வீட்டுப் பாடங்களுக்குக் கவுண்டிக்கு ஒரே ஒரு ஏஜென்ட். அவர் வீடு வீடாகப் போக முடியாது. அதற்கான ஏற்பாடு இப்படி:

1. பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை நிபுணர்கள் ஒரு பாடம் எழுதுகிறார்கள். தலைப்பு உயர் ரத்த அழுத்தத்துக்கேற்ற சமையலாக இருக்கலாம், வீட்டுக் கணக்கு எழுதுவது, உயில் தயாரிப்பது, முதியோர் வீட்டுக்குள் தவறி விழாமல் இருக்க என்ன செய்வது என எதுவாகவும் இருக்கலாம். கற்பிப்பவருக்கான குறிப்பும் உறுப்பினர் கையில் கொடுக்கும் தாளும் தனித்தனியாக இருக்கும்.

2. கவுண்டி ஏஜென்ட் அந்தப் பாடத்தை அலுவலகத்தில் நடத்துகிறார். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒருவரோ இருவரோ வந்து கற்றுக்கொள்கிறார்கள். இவர்களுக்குப் பாடத் தலைவர்கள் என்று பெயர்.

3. பாடத் தலைவர்கள் தங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அதே பாடத்தை நடத்துகிறார்கள்.

4. உறுப்பினர்கள் அதை வீட்டிலும் தேவாலயத்திலும் பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள்.

கணக்குக்காக ஒரு கவுண்டியில் 10 சங்கங்கள், சங்கத்துக்கு 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் 20 பேருக்கு நடத்திய ஒரு வகுப்பு, ஒரே மாதத்தில் 120 குடும்பங்களுக்குப் போய்விடுகிறது. கூடுதலாக ஒரு டாலர் கூடச் செலவில்லை. முக்கியமான இன்னொன்றும் உண்டு. பாடம் சொல்பவர் வெளியூர்க்காரர் இல்லை, பல ஆண்டுகளாகத் தெரிந்த பெண். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தவர்கள், பக்கத்துப் பண்ணைக்காரி தன் வீட்டில் எப்படிக் குறைத்தாள் என்று செய்தே காட்டும்போது கேட்கிறார்கள்.

கற்பிப்பவருக்கும் இதில் பயன் உண்டு. பத்துப் பேர் முன் எழுந்து நின்று பேசியே அறியாத பெண், பாடத் தலைவராகி, பிறகு சங்கச் செயலாளராகி, கவுண்டி கவுன்சிலில் பட்ஜெட் வாசிக்கிறாள். தலைமைப் பயிற்சி என்று தனியே ஒரு பாடத்துறையே இந்த அமைப்பில் இருக்கிறது. ஆனாலும் உண்மையான பயிற்சி இந்த வரிசையில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

மாதக் கூட்டத்துக்கு ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது. வருகைப் பதிவு எடுக்கும்போது பலர் ‘உள்ளேன்’ என்று மட்டும் சொல்வதில்லை; அன்றைக்கான கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இந்த ஆண்டு தோட்டத்தில் எது நன்றாக வந்தது, அம்மாவிடம் கற்ற ஒரு சமையல் எது, என்கிற மாதிரியான கேள்விகள். அப்புறம் சிறு பிரார்த்தனை, போன மாத நடவடிக்கைக் குறிப்பு, வரவு செலவு, பாடம், கடைசியில் சாப்பாடு. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், உடல்நலம் இல்லாதவர்கள் தபாலில் பாடம் பெறும் உறுப்பினராக இருக்கவும் வழி உண்டு.

பீன்ஸ் பாட்டிலும் ஒரு மரணமும்

வீட்டுத் திறன் வகுப்பு என்றால் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு, கேனிங் வகுப்பை விளக்கினால் போதும். கேனிங் என்பது கோடையில் விளைந்த காய்கறியைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, சூடேற்றி, காற்றுப் புகாமல் மூடி, குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் முறை. கென்டக்கி கிராமத்து வீடுகளில் நிலவறை அலமாரி நிறைய பச்சை பீன்ஸ் பாட்டில்கள் இருப்பது சகஜம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

1. மண்ணில் இயல்பாகவே கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா இருக்கிறது. அதன் வித்துகள் தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரி சூட்டில் சாவதில்லை.

2. காற்று இல்லாத இடம், புளிப்பு இல்லாத உணவு, அறை வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும். மூடிய பீன்ஸ் பாட்டிலில் இந்த மூன்றும் அப்படியே அமைந்துவிடுகின்றன. நரம்புகளைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தக்கூடிய நஞ்சு அது. பாட்டில் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருக்கலாம்.

3. பிரிக்கும் கோடு அமில அளவு 4.6. அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பானவற்றில் இந்த வித்து முளைக்காது. பெரும்பாலான பழங்கள், ஜாம், வினிகர் ஊறுகாய் ஆகியவற்றைக் கொதிநீரில் வைத்து அடைத்தால் போதும். பீன்ஸ், சோளம், உருளைக்கிழங்கு, இறைச்சி கோட்டுக்கு மேலே இருப்பவை. அவற்றுக்கு அழுத்தப் பாத்திரம் வேண்டும். உள்ளே சுமார் 116 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும்.

4. தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வகைக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். அதனால் ஒரு குவார்ட் பாட்டிலுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு, 2 மேசைக்கரண்டி கடையில் விற்கும் பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். பழத்தைப் பிழிந்த சாறு வேண்டாம், ஏனென்றால் அதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்.

5. உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே 1,000 அடிக்கு மேலுள்ள ஊர்களில் எடைக்கட்டி வைத்த பாத்திரத்துக்கு 10 பவுண்டுக்குப் பதில் 15 பவுண்டு அழுத்தம். கிழக்குக் கென்டக்கியின் மலைப்பகுதிகளில் பல ஊர்கள் இந்த உயரத்துக்கு மேலே.

முள் காட்டும் அழுத்தமானி உள்ள பாத்திரம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முள் 11 காட்டும்போது உள்ளே 9 இருந்தால் எல்லா உழைப்பும் வீண், உயிருக்கும் ஆபத்து. அந்தச் சோதனையைப் பல கவுண்டி விரிவாக்க அலுவலகங்கள் செய்துகொடுக்கின்றன.

இது ஏட்டுப் பயம் இல்லை. 2015 ஏப்ரலில் கென்டக்கியின் பக்கத்து மாநிலமான ஓஹையோவில், லங்காஸ்டர் ஊர் தேவாலயத்து விருந்தில் 77 பேர் சாப்பிட்டார்கள். 29 பேருக்கு அந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் நோய் வந்தது, ஒருவர் இறந்தார். காரணம் உருளைக்கிழங்கு சாலட். அதற்கான கிழங்கை வீட்டில் பாட்டிலில் அடைத்தவர், அழுத்தப் பாத்திரத்துக்குப் பதில் கொதிநீரைப் பயன்படுத்தியிருந்தார். பாட்டி காலத்தில் பீன்ஸை மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மூன்று மணி நேரம் கொதித்தாலும் 100 டிகிரி 100 டிகிரிதான்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊறுகாய் கெடாமல் இருப்பதற்குக் காரணம் மாங்காயின், எலுமிச்சையின் புளிப்பும் நிறைய உப்பும். வற்றலும் வடாமும் நிற்பது ஈரம் இல்லாததால். அந்த நம்பிக்கையில், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டு குக்கரில் பீன்ஸையோ கறியையோ பாட்டிலில் அடைத்து அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது. சின்ன குக்கர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும். சோதித்து எழுதப்பட்ட நேரக்கணக்கில், பெரிய கேனிங் பாத்திரம் மெதுவாகச் சூடேறி ஆறும் நேரமும் சேர்ந்தே இருக்கிறது.

காலத்துக்கு ஏற்ப மாறிய பாடங்கள்

சங்கங்கள் எப்போதும் ஒரே பாடத்தை நடத்தவில்லை. 1940 வாக்கில் தெற்கு மாநிலங்களில் பருத்தி விலைபோகாமல் தேங்கிக் கிடந்தது, அதை விளைவித்த குடும்பங்களோ வைக்கோல் மெத்தையில் படுத்தன. அரசு ஒரு மெத்தைக்கு 50 பவுண்டு பஞ்சும் 10 கெஜம் துணியும் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்க, ஏஜென்டுகளும் சங்கப் பெண்களும் பள்ளிக்கூடங்களிலும் கூடங்களிலும் மெத்தை தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1935-இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகம் தொடங்கிய பிறகு, மின்சாரத்தை எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது, எந்தச் சாதனத்தை முதலில் வாங்குவது என்பவை பாடமாயின. இன்று நீரிழிவு, மோசடி அழைப்புகளிலிருந்து முதியோரைக் காப்பது, போதைப்பொருள் சிக்கலில் பெற்றோர் மாட்டிக்கொண்ட பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டி தாத்தாக்களுக்கு உதவி எனப் போகிறது.

கைவேலைகளும் நிற்கவில்லை. துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் குயில்ட் போர்வை, பின்னல், கூடை முடைதல் எல்லாம் உண்டு. குயில்ட் வடிவங்களைப் பெரிய சதுரப் பலகையில் வண்ணம் தீட்டிப் பண்ணைக் கொட்டகைச் சுவரில் மாட்டும் வழக்கம், 2001-இல் ஓஹையோவின் ஆடம்ஸ் கவுண்டியில் டோனா சூ குரோவ்ஸ் தொடங்கிவைத்தது. கென்டக்கி கிராமங்களிலும் அது வேகமாகப் பரவியது. கவுண்டிக் கண்காட்சிகளில் இவற்றை நடுவர்கள் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். அங்கே முதல் தரத்துக்கு நீல ரிப்பன்.

புற்றுநோய்க்கு ஒரு டாலர்

கென்டக்கி சங்கங்களின் மிகப் பெரிய பணி அடுப்படிக்கு வெளியே நடந்தது. 1977-இலிருந்து மாநில அமைப்பு, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கருப்பைப் புற்றுநோய் ஆய்வுக்கு அல்ல, அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான சினைப்பைப் புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்டி வருகிறது. உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் என்பது அடிப்படைக் கணக்கு. இதுவரை சேர்ந்தது பத்து லட்சம் டாலருக்கும் மேல். 1987-இல் ஜான் வான் நாகெல் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டம், நோய் அறிகுறி இல்லாத பெண்களுக்கு ஆண்டுதோறும் இலவச அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்தது. 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் கலந்துகொண்டார்கள்.

மருத்துவ விஷயம் என்பதால் முழுதாகச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு எல்லாப் பெண்களுக்கும் வழக்கமான பரிசோதனை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டனில் சுமார் 2,00,000 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, பரிசோதனை இறப்பைக் குறைக்கவில்லை என்று 2021-இல் அறிவித்தது. அமெரிக்க நிபுணர் குழுவும், பரம்பரை ஆபத்தோ அறிகுறியோ இல்லாத பெண்களுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. கென்டக்கி ஆய்வாளர்கள் தங்கள் தரவில் பயன் தெரிவதாகவே எழுதிவந்திருக்கிறார்கள். இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கம் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்குப் பணம் தந்ததோடு, தன் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு லெக்சிங்டனுக்குப் பயணம் செய்து ஆய்வில் பங்கேற்கவும் வைத்தது. ஆய்வகத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான பாதை இரண்டு பக்கமும் ஓடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று இதுதான்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இந்த வரலாற்றின் கறுப்பான பக்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1914 சட்டம், பணம் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்ற முடிவை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. தெற்கில் அது வெள்ளையர் கல்லூரிகளுக்கே போனது. 1890-இல் வந்த இரண்டாவது மோரில் சட்டத்தின் கீழ் வந்த, கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகள், கென்டக்கியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் கென்டக்கி ஸ்டேட் பல்கலைக்கழகம் உட்பட, பல பத்தாண்டுகள் ஓரத்திலேயே நின்றன. விரிவாக்கப் பணிக்கென அவற்றுக்கு ஒழுங்கான நேரடி நிதி 1977 சட்டத்துக்குப் பிறகுதான் உறுதியானது.

அதற்காகக் கறுப்பின மக்கள் காத்திருக்கவில்லை. 1906-லேயே அலபாமாவின் டஸ்கீகியில், வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஜெசப் வண்டி கருவிகளை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனது. அதை நடத்திய தாமஸ் கேம்ப்பெல் முதல் கறுப்பின விரிவாக்க ஏஜென்ட். பின்னாளில் அந்த நடமாடும் பள்ளியில் செவிலியரும் வீட்டுச் செயல்விளக்க ஏஜென்டும் சேர்ந்து சென்றார்கள். கறுப்பினப் பெண்களுக்குத் தனிச் சங்கங்கள், தனிக் கவுன்சில்கள் இருந்தன. 1964 குடிமை உரிமைச் சட்டத்தால் இந்தப் பிரிவினை சட்டப்படி முடிவுக்கு வந்தது. இணைப்பின்போது பல இடங்களில் கறுப்பின ஏஜென்டுகளின் பதவியும் தலைமையும்தான் காணாமல் போயின.

தமிழர் பக்கத்துத் தொடர்பு

அமெரிக்கச் சங்கங்களுக்கு ஒரு கனடா உறவு உண்டு. 1897-இல் ஒன்டாரியோவின் ஸ்டோனி கிரீக்கில் முதல் மகளிர் நிலையம் தொடங்கியது. அதற்கு உந்துதலாக இருந்தவர் அடிலெய்ட் ஹூட்லெஸ். கைக்குழந்தையாக இருந்த மகனை 1889-இல் பறிகொடுத்தவர் அவர். கெட்டுப்போன பாலே காரணம் என்று நம்பினார்.

அந்தக் கனடாவிலிருந்து 1896-இல் மருத்துவராக இலங்கைக்கு வந்தவர் மேரி ரட்ணம். யாழ்ப்பாணத் தமிழரான கிறிஸ்துமஸ் கனக ரட்ணத்தை மணந்தவர். கனடாவின் மகளிர் நிலையங்களை முன்மாதிரியாக வைத்து 1930-இல் அவர் தொடங்கியதுதான் லங்கா மகிளா சமிதி. கிராமப் பெண்களுக்குச் சுகாதாரம், சத்துணவு, தோட்டம், கைத்தொழில் என்று அதே பாடங்கள் அங்கும் நடந்தன. 1958-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. பல்கலைக்கழகத்தை மையமாக வைத்த அமெரிக்க ஏற்பாட்டை நம் பக்கத்தில் தேடினால், வேளாண் அறிவியல் நிலையம் வரும். அவற்றில் முதலாவது 1974-இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மனையியல் வல்லுநரும் இந்த நிலையங்களில் இடம்பெறுவதுண்டு.

சரி, நம் மகளிர் சுய உதவிக் குழுவும் இதுவும் ஒன்றா? இல்லை. நம் குழுவின் நடுவில் இருப்பது சேமிப்பும் கடனும், கென்டக்கி சங்கத்தின் நடுவில் இருப்பது பாடம். அங்கே கடன் கிடையாது; நம் குழுக்களுக்குப் பின்னால், மாதாமாதம் பாடம் எழுதி அனுப்பும் பல்கலைக்கழகம் கிடையாது.

பணம் யாருடையது, வெட்டு எங்கே விழுகிறது

இப்போது தொடக்கத்தில் கேட்ட பணக் கேள்விக்கு வரலாம். விரிவாக்கப் பணிக்கு மூன்று பக்கத்திலிருந்து பணம் வருகிறது.

1. மத்திய அரசு: ஸ்மித்-லீவர் நிதி.
2. மாநில அரசு: பல்கலைக்கழகம் வழியாக.
3. கவுண்டி: கென்டக்கியில் விரிவாக்கத்துக்கென்றே சொத்து வரி விதிக்கும் கவுண்டி வாரியங்கள் இருக்கின்றன.

ஸ்னாப்-எட் இந்த மூன்றிலும் சேராத தனிப் பணம். ஏழைக் குடும்பங்களிடையே வேலை செய்யும் சத்துணவு உதவியாளர்களின் சம்பளம் பெரும்பாலும் அதிலிருந்து போனது. 1969-இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட உணவு, சத்துணவுக் கல்வித் திட்டம் வேறு தலைப்பில் தொடர்கிறது. ஆகவே, ஸ்னாப்-எட் நின்றதால் ஹோம்மேக்கர் சங்கம் மூடப்படவில்லை, மூடப்படவும் வேண்டியதில்லை. வெட்டு விழுந்தது சங்கத்தில் சேர நேரமோ வாகனமோ இல்லாத குடும்பங்கள் மேல். உணவு வங்கியிலும் பள்ளியிலும் பொது வீட்டுவசதிக் கூடங்களிலும் அவர்களைத் தேடிப்போய்ச் சந்தித்தவர்கள் அந்த உதவியாளர்கள்தான்.

சங்கங்களுக்கு வேறு சிக்கல் இருக்கிறது. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், பகல் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். இளையவர்கள் ஒரு குயில்ட் வகுப்புக்கோ கேனிங் வகுப்புக்கோ வந்து கற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள், உறுப்பினராவதில்லை. வகுப்பு நிரம்பி வழிகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாடத் தலைவர் இல்லாத ஊரில் ஏஜென்ட் தன் கையால் கற்பித்த 20 பேரோடு பாடம் நின்றுவிடும். முன்பு பார்த்த 120 வீடுகள் கணக்கிலேயே வராது.

தலைகீழாகவும் நடக்கலாம். மக்கள்தொகை குறைந்த கவுண்டியில் ஏஜென்ட் பதவி மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடந்தால், சங்கம் கூடும், சாப்பிடும், துணி தைக்கும், நோயாளிகளுக்குப் போர்வை கொடுக்கும். புதிய பாடம் மட்டும் வராது. குயில்ட் போர்வைக்குப் பழைய பாடம் போதும். கேனிங்கில் அப்படி இல்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்லாத பழைய தக்காளிக் குறிப்பு, சோதிக்கப்படாத அழுத்தமானி, இணையத்தில் யாரோ போட்ட காணொளி ஆகிய மூன்றையும் நம்பி அடுத்த கோடையில் பாட்டில்கள் அடைக்கப்படும். இந்த ஆபத்து எந்தப் பட்ஜெட் அறிக்கையிலும் ஒரு வரியாக வராது. அதனால்தான் கவுண்டி வாரியம் வரி விகிதத்தைப் பேசும் நாளில், முதிய இல்லத்தரசிகள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, வீட்டுப் பாட ஏஜென்டின் பதவியை நிரப்பச் சொல்லிக் கேட்பது அவசியமாகிறது.